ஏழாம் போர்டு

தீர்த்தம்மாள் வீட்டுக்குப் போனால் புது டம்ளரில் காபி கிடைக்காது. புது டம்ளர் இருக்கும். அவள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த செட், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். நமக்கு விளிம்பு நசுங்கிய பழைய டம்ளர்தான். "அதை எப்பத்தான்டி எடுப்ப?" என்று நான் கேட்காத தடவை இல்லை. "இருக்கட்டும், யாராச்சும் வந்தா ஆவும்" என்பாள். "அப்ப நான் யாருடி?" என்று கேட்டால் சிரிப்பாள்.

நான் நேர் எதிர். புதுச் செருப்பைக் கடையிலேயே மாட்டிக்கொண்டு பழையதை அங்கேயே விட்டுவிட்டு வருகிறவள். அதனால் அவளைப் பற்றி நான் எழுதும்போது நடுநடுவே எரிச்சல் எட்டிப் பார்க்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி அவள். போன மாதம் தொப்பூரில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னமும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

அவள் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் மானாவாரிக் காடு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள். தீர்த்தமலைக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்பதால் அந்தப் பெயர். எங்கள் வயதில் அந்தப் பெயரோடு கணினி வேலைக்கு வந்தவள் அவள் ஒருத்திதான் இருப்பாள் என்று நினைக்கிறேன். பெங்களூர் ஆபீசில் தீர்த்தா என்று சுருக்கிவிட்டார்கள். அவள் அப்பா சென்னப்பன் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. களத்திலிருந்து கேழ்வரகு வீட்டுக்கு வந்ததும் ஒரு மூட்டை தனியாக உள்ளறைக்குப் போய்விடும். அதற்கு 'எடுத்து வெச்சது' என்று பெயர். விருந்தாளி வந்தாலும் சரி, நல்ல விலை வந்தாலும் சரி, அதன் கட்டை யாரும் அவிழ்க்கக் கூடாது.

மழை இல்லாமல் போன ஒரு வருடம் ஊரில் பாதி வீடுகளைப் பூட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். அந்த வருடம்தான் சென்னப்பன் மூட்டையின் கட்டை அவிழ்த்தார். அவர்கள் ஊரிலேயே தங்கினார்கள். தீர்த்தா பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தாள். தான் படித்ததே அந்த மூட்டையால்தான் என்று அவள் இன்றைக்கும் சொல்வாள். டம்ளரைக் கேலி பண்ணும் நான், அந்த மூட்டையை மட்டும் கேலி பண்ணியதில்லை.

தருமபுரியில் கல்லூரியில் நாங்கள் ஒரே பெஞ்ச். பெங்களூரில் வேலை கிடைத்ததும் ஒரே கம்பெனியில். பெரிய பெயர் எடுத்த கம்பெனி இல்லை. மற்ற நிறுவனங்களின் கணினி வேலைகளை வாங்கித் தன் மெஷினில் ஓட்டிக் கொடுக்கிற இடம். என்னைக் கணக்கு எழுதும் மென்பொருள் பக்கம் போட்டார்கள். அவளை மெஷின் ரூமுக்கு அனுப்பினார்கள்.

அந்த மெஷினை முதலில் பார்த்தபோது ஏதோ பீரோ என்றுதான் நினைத்தேன். ஆள் உயரத்துக்கும் மேலே, கறுப்பாக, உள்ளே காற்றடிக்கிற சத்தத்தோடு நின்றது. அதற்குள் எட்டுப் போர்டுகள். ஒவ்வொரு போர்டிலும் கணக்குப் போடும் சிப்புகளும் நினைவகமும் இருக்கும். எந்தெந்தப் போர்டுகள் சேர்ந்து ஒரு கணினியாக வேலை செய்ய வேண்டும் என்பதைக் கமாண்ட் அடித்துச் சொல்ல வேண்டும். இரண்டைச் சேர்த்து ஒரு கணினி, மூன்றைச் சேர்த்து இன்னொன்று என்று அவரவர் தேவைக்குப் பிரித்துக் கொடுக்கலாம். அப்படிப் பிரித்த ஒவ்வொன்றுக்கும் பார்ட்டிஷன் என்று பெயர். ஒரே பீரோவுக்குள் இருந்தாலும் ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. ஒன்று விழுந்தால் பக்கத்தில் இருப்பது தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மவுஸ், படம், பட்டன் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான். ஒரு எண் மாறிப்போனால், எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்றான பாங்கின் போர்டு இன்னொன்றான துணி மில்லுக்குப் போய்விடும்.

எனக்கு அந்தத் திரையைப் பார்த்தாலே கொட்டாவி வரும். அவளுக்கு அது பிடித்துப்போனது. ஆபீசுக்கு வந்ததும் பையை வைத்துவிட்டு முதலில் 'பார்ஸ்டேட்டஸ்' என்று அடிப்பாள். எட்டுப் போர்டும் எப்படி இருக்கின்றன, எது யாரிடம் இருக்கிறது என்று வரிசையாக வரும். அதை மேலிருந்து கீழே படித்துவிட்டுத்தான் காபிக்கு எழுந்து வருவாள். ஊரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து காபி குடிப்பார்களே, அந்த மாதிரி.

எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் கடைசிப் போர்டின் எண் ஏழு. ஒருமுறை அந்த ஏழில் ஏதோ கோளாறு என்று எச்சரிக்கை வந்தது. ஆட்கள் வந்து பழையதைக் கழற்றிப் புதுப் போர்டை மாட்டிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று தீர்த்தா அதை வேலையில் சேர்க்காமல் வைத்தாள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

அவள் அதை எப்படி வைத்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். 'பார்மாடிஃபை' என்கிற கமாண்டில் ஒரு வசதி உண்டு. ஒரு போர்டை ஒரு பார்ட்டிஷனுக்குச் சொந்தம் என்று எழுதிவிட்டு, கூடவே 'அடுத்த முறை எழும்போது இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்' என்றும் எழுதி வைக்கலாம். ஏழாம் போர்டைப் பாங்கின் பார்ட்டிஷனுக்கு அப்படி எழுதி வைத்தாள். சும்மா இருக்கிற போர்டு எது என்று யார் பட்டியல் கேட்டாலும் அதில் ஏழு வராது. பாங்குக்குச் சொந்தம் என்றிருக்கும். பாங்கோ அதைத் தொட்டதே கிடையாது. மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அது சும்மா இருப்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எனக்குக்கூடச் சொல்லவில்லை.

இதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆபத்துக்கு ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஆபத்தும் வந்தது. ஒரு நாள் மத்தியானம் மூன்றாம் போர்டு செத்துப்போய்த் துணி மில்லின் வேலை நின்றுவிட்டது. மில்காரர்கள் போனில் கத்தினார்கள். தீர்த்தா நகத்தைக் கடித்துக்கொண்டு, மாற்றுப் போர்டு வெளியூரிலிருந்து வந்து சேரும்வரை உட்கார்ந்திருந்தாள். ஏழாம் போர்டை எடுக்கவில்லை. ஏன் என்று இப்போது கேட்டேன். "அத எடுத்துட்டு, அதுக்கப்புறம் இன்னும் பெருசா ஏதாச்சும் வந்திருந்தா?" என்றாள். இந்த மனுஷியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்தச் சமயத்தில்தான் நவநீதன் எங்கள் ஆபீசில் சேர்ந்தான். தொப்பூர்ப் பையன். வயதில் எங்களைவிட மிகவும் சின்னவன். அவன் அப்பா கணவாய் இறக்கத்துக்கு முன்னால் நெடுஞ்சாலையோரம் ஓட்டல் வைத்திருந்தார். லாரிக்காரர்கள்தான் வாடிக்கை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேலம் பஸ்ஸில் மூவரும் ஒன்றாக ஊருக்குக் கிளம்புவோம். தருமபுரியில் நாங்கள் இருவரும் இறங்கிக்கொள்வோம், அவன் மேலே போவான். நல்ல பேச்சுக்காரன். தொப்பூர் பேச்சு வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும்.

"ஒரு டிரைவரு நல்லா சாப்ட்டுக் கை கழுவிட்டு, எங்கப்பாகிட்ட சிரிச்சுப் பேசிட்டுப் போயிருப்பாருக்கா. கொஞ்ச நேரத்துல எறக்கத்துல இருக்கற ரெட்டைப் பாலத்துக்குக் கீழ கெடப்பாரு. அவரு சாப்ட்ட எலையக்கூட நாங்க எடுத்திருக்க மாட்டோம்" என்று ஒருநாள் சொன்னான்.

தொப்பூர் இறக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: டீசல் மிச்சம் பிடிக்க நிறைய டிரைவர்கள் அந்தச் சரிவில் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் வண்டியை உருட்டுவார்கள். முழு பாரமும் பிரேக் மேல் விழும். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனால் முன்னால் போகிற எல்லாவற்றின் மேலும் ஏற வேண்டியதுதான்.

நவநீதன் ஒரு ப்ரோக்ராம் எழுதினான். லாரிகளில் மாட்டியிருக்கும் பெட்டி வண்டியின் வேகத்தையும் எஞ்சின் வேகத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். எந்த டிரைவர் வழியில் வந்த சின்னச் சின்ன இறக்கங்களில் நியூட்ரல் போட்டார், எவ்வளவு பாரம் ஏற்றியிருக்கிறார் என்று கணக்குப் போட்டு, தொப்பூர் இறக்கம் தொடங்கும் முன்பே அவர் போனுக்கு எச்சரிக்கை போக வேண்டும். எங்கள் வாடிக்கையாளரில் நிறைய லாரி வைத்திருந்த முதலாளி ஒருவர் இருந்தார். ஒரு சோதனை பார்க்கலாம், சரியாக இருந்தால் எல்லா வண்டிக்கும் போடலாம், இல்லையென்றால் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நவநீதன் இரண்டு மாதம் சரியாகத் தூங்கியிருக்க மாட்டான். அவன் வாழ்க்கையில் வேறு எதையும் அவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

சோதனைக்கென்று அவனுக்குக் கிடைத்தது ஒரே ஒரு போர்டு உள்ள பார்ட்டிஷன். பத்து லாரி என்றால் ப்ரோக்ராம் ஓடியது. எல்லா லாரியையும் விட்டால் மூச்சு வாங்கியது. அவன் தீர்த்தாவின் மேஜைக்கு வந்து நின்றான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அக்கா, ஒரே ஒரு போர்டு. சோதனை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடறன்."

"இல்லியேப்பா. எல்லாம் ஆளுக்கு ஆள் எழுதியிருக்குது. நீயே பாரு" என்று திரையை அவன் பக்கம் திருப்பினாள். ஏழாம் போர்டு, பாங்கு. வரியின் கடைசியில் 'வேண்டாம்' என்பதற்கான அடையாளமும் இருந்திருக்கும். அதைப் படிக்க அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"ரெண்டு நாளைக்குக்கூட முடியாதாக்கா? பாங்குல கேட்டுப் பாத்தா?"

"பாங்குக்காரங்ககிட்டப் போயி நான் என்னான்னு கேக்கட்டும் தம்பி? அவங்களுக்கு மாசக் கடைசி."

அவன் சரிங்கக்கா என்று போய்விட்டான். மாசக் கடைசியை நானும் நம்பினேன்.

சோதனை அன்று மீட்டிங் ரூமில் சுவர் முழுக்க வரைபடம். லாரிகள் புள்ளிகளாக நகர்ந்தன. முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எச்சரிக்கை போக வேண்டிய வண்டிகளில் ஒன்றின் மேல் எல்லாருடைய கண்ணும் இருந்தது. அந்தப் புள்ளி சரிவின் மேல்முனைக்கு வந்தது. ஒன்றும் வரவில்லை. இறங்கியது. ஒன்றும் வரவில்லை. ரெட்டைப் பாலத்தைத் தாண்டிக் கீழே சமதளத்துக்குப் போன பிறகு, மேஜை மேல் வைத்திருந்த சோதனைப் போன் கிர்ரென்று அதிர்ந்தது.

"எறங்கி முடிச்சப்புறம் பாத்து எறங்குன்னு சொல்றதுக்கு இம்மாம் பெரிய மெஷினா?" என்றார் முதலாளி. எல்லாரும் சிரித்தார்கள். நவநீதனும் சிரித்தான். தீர்த்தா சிரிக்கவில்லை. அவளுக்கு இளகிய மனசு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். கிருஷ்ணகிரி தாண்டியதும்தான் வாயைத் திறந்தான். "மெஷின் மேல தப்பு இல்லக்கா. என் ப்ரோக்ராம்தான் சரியில்ல. நல்லா எழுதத் தெரிஞ்சவன் எழுதியிருந்தா ஒரு போர்டுலயே ஓடியிருக்கும்."

தீர்த்தா அவன் பக்கத்து சீட்டில் இருந்தாள். "வுடு தம்பி. மத்தியானம் சாப்டியா?" என்றாள்.

அதன் பிறகு அவனுக்கு அந்த வேலையில் கை ஓடவில்லை. எதை எழுதினாலும் நான்கு பேரிடம் காட்டிச் சரியா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் அதையே சாக்காக வைத்து வேலையை விட்டுவிட்டு ஓட்டலுக்குப் போய்விட்டான். யார் கேட்டாலும், "எனக்கு அது வராதுங்க" என்று ஒரே பதில்.

பிறகு கொரோனா வந்தது. தீர்த்தா பாப்பாரப்பட்டி வீட்டு மாடி அறையிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்காரர் மாதேஸ்வரன் கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கிறார், அமைதியான மனிதர். அவளுக்கு அது சௌகரியமாகிவிட்டது. நான் வேலையை விட்டுத் தருமபுரியில் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். அந்தப் பெரிய மெஷினுக்கு ஒவ்வொரு வாடிக்கையாளராகக் குறைந்தார்கள். துணி மில் போனது, லாரி போனது, கடைசியில் பாங்கும் வேறு இடத்துக்குப் போனது. மெஷினை அணைத்துக் கழிவுக்கு அனுப்பப்போகிறோம், பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாக அழித்துவிடு என்று போன மாதம் அவளுக்கு உத்தரவு வந்தது.

சனிக்கிழமை காலையில் போன் செய்தாள். "யுவராணி, வூட்டுக்கு வர்றியா?" என்று மட்டும் கேட்டாள். போனேன். காபி வந்தது. புது டம்ளரில் வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது.

"யாருக்காவது ஏதாவது ஆயிருச்சா?" என்று கேட்டேன். அவள் என்னை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கறுப்புத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து ஏழாம் போர்டின் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். நான் குறுக்கே பேசாமல் ஒரு கதையைக் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

எதையும் அழிக்க மனசு வராதவள் இல்லையா, நவநீதனின் பார்ட்டிஷனையும் அவள் அழிக்காமலே வைத்திருந்தாள். அணைத்துத்தான் போட்டிருந்தாள். அவன் ப்ரோக்ராமும், சோதனை அன்று லாரிகள் அனுப்பிய விவரம் முழுவதும் அப்படியே உள்ளே இருந்தன. எல்லாவற்றையும் அழிக்கும் முன்பு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அன்று காலை பாங்கின் பெயரிலிருந்து ஏழாம் போர்டை எடுத்தாள். பாங்கு போய்விட்டாலும் இன்னும் அணைக்காத அதன் பார்ட்டிஷன் ஓடிக்கொண்டே இருந்தது, அதற்கு ஒன்றும் தெரியவில்லை. சேராத போர்டு போனால் அதற்கு எப்படித் தெரியும்? அன்றைக்கும் இப்படியே எடுத்திருக்கலாம். மாசக் கடைசியும் ஒன்றும் குறுக்கே வந்திருக்காது.

போர்டை நவநீதனின் பார்ட்டிஷனுக்கு எழுதி, இந்த முறை 'சேர்த்துக்கொள்' என்று சொல்லி எழுப்பினாள். ஒரு போர்டு வேலைக்குச் சேரும் முன்பு மெஷின் அதைப் பரிசோதனை செய்யும். அதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும்.

"அது ஓடற வரைக்கும் நான் என்னா பண்ணிக்கினு இருந்தன் தெரியுமா?" என்றாள். "இந்தப் போர்டு கெட்டுப்போயிருக்கணும் சாமீன்னு வேண்டிக்கினு இருந்தன்டி. கெட்டிருந்தா, அன்னிக்குக் குடுத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லன்னு ஆயிருக்கும் இல்ல?"

போர்டு கெடவில்லை. ஒரு குறையும் இல்லாமல் தேறியது. மாட்டிய நாளிலிருந்து ஒரு கணக்குக்கூடப் போடாத புத்தம்புதுப் போர்டு.

எனக்காக அவள் ப்ரோக்ராமை மறுபடியும் ஓட்டிக் காட்டினாள். அதே நாள், அதே லாரிகள், அதே புள்ளி. நான் எழுந்து நின்றுவிட்டேன். புள்ளி சரிவை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் மேல்முனைக்கு வரவில்லை. திரையில் எச்சரிக்கை விழுந்தது. வண்டி எண், டிரைவர் பெயர், கியரில் இறங்கவும் என்ற வரி, எல்லாம் வந்த பிறகுதான் புள்ளி மெதுவாக மேல்முனைக்கு வந்தது.

நான் அவளைத் திட்டினேன். நன்றாகவே திட்டினேன். டம்ளரிலிருந்து தொடங்கி அவள் பீரோவில் கட்டாமல் மக்குகிற பட்டுப்புடவை வரைக்கும் இழுத்துத் திட்டினேன். கீழே மாதேஸ்வரன் டிவி சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

"அவன் ஃபோன் நம்பர் இருக்குதா?" என்று கேட்டாள்.

"இதப் போன்ல சொல்லுவியா? எந்திரி, கெளம்பு" என்றேன்.

தொப்பூரில் ஓட்டல் அப்படியேதான் இருந்தது. மத்தியான வெயிலில் வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. கல்லாவில் நவநீதன் உட்கார்ந்திருந்தான். உடம்பு போட்டிருந்தான், முன்தலையில் முடி கொட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சந்தோஷம். "அக்கா, ரெண்டு பேருமா? சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க. மொதல்ல சாப்புடுங்க" என்று இலை போடச் சொன்னான்.

சாப்பிட்டு முடிக்கும்வரை தீர்த்தா அவன் வேலை பார்ப்பதையே கவனித்துக்கொண்டிருந்தாள். பணம் கொடுக்க வந்த ஒவ்வொரு டிரைவரிடமும் அவன் மீதியைக் கையில் வைத்துவிட்டு, "அண்ணே, நியூட்ரல் போட்றாதீங்க. கியர்லயே எறங்குங்க" என்று சொன்னான். சிலர் தலையாட்டினார்கள். ஒருவர், "எங்களுக்குத் தெரியாதாப்பா?" என்று முறைத்தார். "தெரியும்ண்ணே, சும்மா சொன்னன்" என்று அவரையும் சிரித்தே அனுப்பினான். மெஷின் செய்ய வேண்டியதை அவன் வாயாலேயே செய்துகொண்டிருந்தான், தன் ஓட்டலில் சாப்பிட வந்தவர்களுக்கு மட்டும். சாப்பிடாமல் தாண்டிப்போன லாரிகளைக் கணக்கில் எடுத்தால் இது எந்த மூலைக்கு?

கை கழுவிவிட்டு வந்து தீர்த்தா கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. அதை மட்டும் அவளுக்காகச் சொல்ல வேண்டும். போர்டு இருந்ததையும், தான் இல்லை என்று சொன்னதையும், இன்று காலை போட்டுப் பார்த்ததையும் வரிசையாகச் சொன்னாள். சொல்லும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

நவநீதன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் போர்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"அப்ப என் ப்ரோக்ராம் சரியாத்தான் இருந்துச்சாக்கா?"

"சரியாத்தான்பா இருந்துச்சு. ஒரு எழுத்துகூட நான் மாத்தல. வண்டி மேல இருக்கறப்பவே சொல்லிருச்சு."

"எல்லா லாரியும் வுட்டா?"

"எல்லாத்தையும் வுட்டுத்தான் பாத்தன்."

அவன் ரோட்டைப் பார்த்தான். அந்த நேரம் ஒரு டிரைவர் வந்து பணம் நீட்டினார். நவநீதன் அவர் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக் கல்லாவில் போட்டு மீதியை எடுத்துக் கொடுத்தான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. டிரைவரும் கிளீனரும் வண்டியில் ஏறினார்கள். முழு பாரத்தோடு தார்ப்பாய் கட்டிய லாரி. எஞ்சின் உறுமியது.

எனக்கு உறைக்கவில்லை. தீர்த்தாவுக்குத்தான் முதலில் உறைத்தது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வாசலுக்கு ஓடினாள். காலில் செருப்பு இல்லை. "அண்ணே, நியூட்ரல் போட்றாதீங்க" என்று கத்திக்கொண்டே ரோட்டோரத்தில் லாரியின் கூடவே ஓடினாள். பேருந்தில் டிக்கெட் கேட்கவே குரல் எழும்பாதவள். கிளீனர் பக்கக் கதவின் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து ஆட்டிவிட்டு உள்ளே போனது. கேட்டுத்தான் ஆட்டினானா, யாரோ பொம்பளை கையைக் காட்டுகிறாள் என்று ஆட்டினானா, தெரியாது. லாரி வளைவில் திரும்பி இறக்கத்துக்குள் போய்விட்டது.

அவள் மூச்சிரைக்கத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். நவநீதன் தானே எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தான்.

"நீங்க போர்டு குடுக்காதது எனக்குப் பெருசாத் தெரியலக்கா" என்றான். அவன் குரலில் கோபமே இல்லை. "பாங்கு, கம்பெனின்னு உங்களுக்கு ஆயிரம் இருந்திருக்கும். ஆனா அன்னிக்குப் பஸ்ல, உன் ப்ரோக்ராம் மேல தப்பு இல்லடான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். அது போதும்க்கா. நான் அந்த வேலைய வுட்டுருக்க மாட்டன்."

தீர்த்தா காலிச் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வார்த்தையையும் அவள் போர்டோடு சேர்த்தே எடுத்து வைத்திருந்தாள். இப்போது கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொண்டவன் போய்க் கல்லாவில் உட்கார்ந்து, அடுத்து வந்த டிரைவருக்கு மீதியை எண்ணிக் கொடுத்தான்.